முதுகுத்தண்டு அழற்சி வாதம்: நோயின் தீவிரத்தை எண்ணில் அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தருமபுரியிலிருந்து சேலத்துக்கும், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி மூட்டுவாத டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் பலர். உள்ளே போனதும் வரும் முதல் கேள்வி, "போன தடவைக்கு இப்ப எப்படி இருக்கு?" பதிலும் தெரிந்ததுதான்: "பரவாயில்லைங்க." இந்தப் "பரவாயில்லை"யை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த ஊசியைத் தொடங்கவும் முடியாது, போட்டுக்கொண்டிருப்பதை நிறுத்தவும் முடியாது. டாக்டருக்கு எண் வேண்டும். அந்த எண்ணின் பாதி ரத்தத்திலிருந்து வருகிறது, மீதிப் பாதி நோயாளியின் வாயிலிருந்து வருகிறது. இரண்டுமே தப்பாகப் போக இடமுண்டு.

இந்த வழிகாட்டி ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் என்றோ ஆக்சியல் ஸ்பான்டிலோஆர்த்ரைட்டிஸ் என்றோ டாக்டர் ஏற்கெனவே உறுதி செய்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது. சிறிய மருத்துவமனைகளில் அளவெடுக்கும் செவிலியருக்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் இது உதவும். நம் ஊர்ப்பக்கம் கழுத்தெலும்புத் தேய்மானத்தையும் "ஸ்பான்டிலைட்டிஸ்" என்றே சொல்லிவிடுகிறார்கள். அது வேறு நோய், இந்தக் கணக்குகள் அதற்குப் பொருந்தாது. இங்கே பேசுவது பெரும்பாலும் 45 வயதுக்குள் மெதுவாகத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பின்னிரவில் எழுப்பிவிட்டு, படுத்தால் கூடி, நடமாடினால் குறையும் முதுகுவலியைப் பற்றி.

எதை அளக்கிறோம்?

அடுப்பில் தீ எரிகிறதா என்பது ஒரு கேள்வி. இத்தனை வருடம் எரிந்து சுவரில் எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. இந்த நோயில் தீ என்பது அழற்சி, அதாவது நோயின் தற்போதைய தீவிரம். மருந்தால் அதை அடக்கலாம். கரி என்பது எலும்பு ஒட்டிப்போன சேதம். அது மருந்தால் திரும்பாது. முதுகு வளையவில்லை என்பதற்காக ஊசியின் அளவைக் கூட்டுவது, கரியைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. வளைவது நன்றாக இருக்கிறது என்பதற்காக உள்ளே கனல்வதைக் கவனிக்காமல் விடுவதும் அதே அளவு தப்பு.

தீயை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் கருவிகள் இரண்டு. ஒன்று பாஸ்டாய். இங்கிலாந்தின் பாத் நகரில் 1994-ல் உருவானது, ஆறு கேள்விகள் மட்டும்தான், ரத்தப் பரிசோதனை தேவையில்லை. இன்னொன்று ஆஸ்டாஸ். 2009-ல் வந்தது, நோயாளியின் பதில்களோடு, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சி.ஆர்.பி. அல்லது இ.எஸ்.ஆர். எண்ணும் சேரும். இன்றைக்கு மருந்து முடிவுகளுக்கு ஆஸ்டாஸையே முதலில் பார்க்கிறார்கள். பாஸ்டாய் முழுக்க நோயாளி சொல்வதை நம்பியிருப்பது, தூக்கமில்லாத ஒரு வாரமும் அதில் "நோய் கூடியது" போலத் தெரியும் என்பது இதற்குக் காரணம். ஆனால் ஆஸ்டாஸுக்கு வேண்டிய மூன்று எண்கள் பாஸ்டாய் கேள்விகளிலேயே இருப்பதால் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடலாம்.

முதல் படி: ஒரு நோட்டு

40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பக்கம். மேலே தேதி, நேரம். அதற்குக் கீழே, எண் எதுவும் எழுதுமுன், கடந்த ஏழு நாளில் எத்தனை வலி மாத்திரை போட்டீர்கள் என்பதை மாத்திரைப் பெயர், மில்லிகிராமோடு எழுதுங்கள். இதை ஏன் முதலில் வைக்கச் சொல்கிறோம் என்றால், தினமும் எடோரிகாக்சிப் என்ற வலி மாத்திரை 90 மி.கி. போட்டுக்கொண்டு வலி பத்துக்கு 3 என்பதும், ஒரு மாத்திரையும் இல்லாமல் வலி 3 என்பதும் ஒரே நிலை அல்ல. உள்ளூரில் "வலிக்கு ஒரு ஊசி" போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த ஊசியில் ஸ்டீராய்டு இருந்தால் அடுத்த சில நாள்களுக்கு எல்லா எண்ணும் பொய்யாக அழகாகத் தெரியும். பெயர் தெரியாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிக்கும் இதே எச்சரிக்கை.

கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டியது பயணத்துக்கு முந்தைய இரவில், வீட்டில். தொப்பூர் கணவாய் வழியாக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிவிட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் எவரும் 8 என்றுதான் சொல்வார்கள். கேள்வி கேட்பது கடந்த ஒரு வாரத்தின் சராசரியை. அன்றைய பஸ் சீட்டை அல்ல.

இரண்டாம் படி: ஆறு கேள்விகள்

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. 0 என்றால் ஒன்றுமே இல்லை, 10 என்றால் இதைவிட மோசமாக இருக்க முடியாது. "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் படிக்காதவர்களுக்கும் புரிகிறது. புரியாவிட்டால் பத்து ஒரு ரூபாய்க் காசுகளை வரிசையாக வைத்து, எத்தனை காசு வலி என்று தள்ளச் சொல்லலாம்.

1. அசதி எவ்வளவு?
2. கழுத்து, முதுகு, இடுப்பு வலி எவ்வளவு?
3. மற்ற மூட்டுகளில் (முட்டி, கணுக்கால், மணிக்கட்டு) வலியோ வீக்கமோ எவ்வளவு?
4. தொட்டாலோ அழுத்தினாலோ வலிக்கும் இடங்களால் தொந்தரவு எவ்வளவு?
5. தூங்கி எழுந்ததும் பிடிப்பு எவ்வளவு கடுமை?
6. அந்தப் பிடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது?

எழுதிப் பார்க்க எளிது. கேட்கும்போது மூன்று இடத்தில் தமிழே காலை வாரிவிடும்.

இரண்டாவது கேள்வியில் "இடுப்பு". நம் பேச்சில் இடுப்பு என்றால் அடிமுதுகு. ஆனால் கேள்வி கேட்பது தொடையெலும்பு வந்து சேரும் பந்துக்கிண்ண மூட்டையும் சேர்த்து. அந்த மூட்டில் வலி வந்தால் நோயாளி கை வைத்துக் காட்டுவது தொடையிடுக்கை, சொல்வது "தொடை வலி". அதனால் "தொடையிடுக்கில் வலி உண்டா?" என்று தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் அந்த மூட்டு பாதிக்கப்படுவது பிற்காலத்தில் நடையையே பறிக்கக்கூடியது. தவறவிடக் கூடாத இடம் அது.

நான்காவது கேள்வியில் பலர் பூஜ்யம் போட்டுவிடுவார்கள், எந்த இடம் என்றே தெரியாததால். குதிகாலின் பின்பக்கம் தசைநார் ஒட்டும் இடம், பாதத்தின் அடி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு, நெஞ்சு நடு எலும்பின் ஓரம் ஆகிய இடங்களை விரலால் அழுத்திக் காட்டிவிட்டுக் கேட்க வேண்டும். எவ்வளவு அழுத்தம்? அழுத்துகிறவரின் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு. அதற்கு மேல் அழுத்தினால் யாருக்கும் வலிக்கும்.

ஐந்தாவதில்தான் பெரிய குழப்பம். "காலையில் முதுகு மரத்துப்போகுதா?" என்று கேட்கவே கூடாது. மரத்துப்போவது உணர்ச்சி இல்லாமல் போவது, அது நரம்பு சம்பந்தப்பட்டது. கேட்க வேண்டியது பிடிப்பு, இறுக்கம்: "எழுந்ததும் முதுகு கட்டை மாதிரி பிடிச்சுக்கிட்டு, குனிய நிமிர முடியாம இருக்குதா?" ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. அவர்களிடம் வார்த்தையை நம்புவதைவிட, குனிந்து செருப்பு மாட்டுவது போல நடித்துக் காட்டிக் கேட்பது நல்லது.

ஆறாவது கேள்விக்கு "கொஞ்ச நேரம்" என்ற பதிலை ஏற்கக் கூடாது. இரண்டு நேரங்களைக் கேட்டு நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, மாடு வைத்திருப்பவரிடம் இப்படி:

"எத்தனை மணிக்குண்ணா எந்திரிக்கிறீங்க?"
"அஞ்சுக்குங்க."
"பிடிப்பு எப்ப விடுது?"
"பால் கறக்கறப்பல்லாம் இருக்குதுங்க. சொசைட்டில ஊத்திட்டு வீட்டுக்குத் திரும்பறப்பதான் ஒடம்பு லேசாவுது."
"திரும்பறப்ப மணி என்ன இருக்கும்?"
"ஆறரைங்க."

ஒன்றரை மணி நேரம் என்று பதில் கிடைத்துவிட்டது. இதே ஆளிடம் நேராகக் கேட்டிருந்தால் "கொஞ்ச நேரம் இருக்கும், அப்புறம் சரியாயிரும்" என்றிருப்பார். ஓசூர் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குக் "காலை" என்பது அவர்கள் தூங்கி எழும் நேரம், அது மாலை மூன்று மணியாக இருந்தாலும்.

நேரத்தை மதிப்பெண்ணாக மாற்ற, நிமிடத்தை 12-ஆல் வகுக்கவும். பிடிப்பே இல்லையென்றால் 0, அரை மணி 2.5, ஒரு மணி 5, ஒன்றரை மணி 7.5, இரண்டு மணியோ அதற்கு மேலோ 10.

கணக்கு: ஐந்தாவதையும் ஆறாவதையும் கூட்டி இரண்டால் வகுக்கவும். வந்ததை முதல் நான்கோடு கூட்டி ஐந்தால் வகுக்கவும். ஆறு கேள்வியையும் கூட்டி ஆறால் வகுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. பிடிப்பைப் பற்றிய இரண்டும் சேர்ந்தே ஒரு கேள்வியின் எடை.

ஒரு கற்பனை நோயாளி: அசதி 6, முதுகு 7, மற்ற மூட்டு 2, தொடுவலி 4, பிடிப்பின் கடுமை 6, நேரம் 7.5. கடைசி இரண்டின் சராசரி 6.75. மொத்தம் 6 + 7 + 2 + 4 + 6.75 = 25.75. ஐந்தால் வகுத்தால் 5.15. 4-ஓ அதற்கு மேலோ என்றால் நோய் துடிப்பாக இருக்கிறது என்று பொருள்.

ஏழாவதாக ஒரு கேள்வியையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்டாஸுக்கு அது வேண்டும்: "கடந்த வாரம் மொத்தத்தில் இந்த நோய் எவ்வளவு துடிப்பாக இருந்தது?" இதுவும் பத்துக்கு. நம் கற்பனை நோயாளி சொன்னது 7.

மூன்றாம் படி: ரத்தம்

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறும், அடங்கினால் சில நாளில் இறங்கும். லேபில் கேட்க வேண்டியது "குவான்டிடேட்டிவ்" சி.ஆர்.பி., அதாவது எண்ணாகத் தரும் பரிசோதனை. சின்ன லேப்களில் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு கலந்து, துகள் திரள்கிறதா என்று பார்த்து "பாசிட்டிவ்", "நெகட்டிவ்" என்று எழுதித் தரும் லேடெக்ஸ் முறை இன்னும் இருக்கிறது. அது பொதுவாக லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே எதையும் பிடிக்காது. அதை வைத்து ஆஸ்டாஸ் போட முடியாது.

இ.எஸ்.ஆர். பழைய, மலிவான பரிசோதனை. ஒரு மணி நேரத்தில் சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகிறது என்று பார்ப்பது. அதை ஏமாற்றுவதற்கு நிறைய விஷயங்கள் இருக்கின்றன. ரத்தசோகை இருந்தால் ஏறும். குழாய் சாய்ந்திருந்தாலும் அறை சூடாக இருந்தாலும் ஏறும். ரத்தம் எடுத்து அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் இறங்கும். இந்தக் கடைசி விஷயம் நம் ஊர்களுக்கு முக்கியம். அரூரிலோ பாலக்கோட்டிலோ கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் எடுத்து வேறு ஊர் லேபுக்கு அனுப்பினால், இ.எஸ்.ஆர். போடும்போது நேரம் தாண்டியிருக்கலாம். "இ.எஸ்.ஆர். இங்கேயே போடுவீங்களா, வெளியே போகுதா?" என்று கேளுங்கள். சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, பிரித்து அனுப்பினால் சி.ஆர்.பி. பயணத்தைத் தாங்கும். இ.எஸ்.ஆரை உள்ளூரிலேயே போட்டுக்கொள்வது நல்லது. வயதுக்கேற்ற மேல் வரம்புக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி.

காய்ச்சல், பல் சீழ், சிறுநீர்த் தொற்று, சிக்குன்குனியா என்று எது வந்திருந்தாலும் சி.ஆர்.பி. தாவும். முடிந்தால் சரியாகி இரண்டு வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள். தள்ள முடியாவிட்டால் நோட்டில் "போன வாரம் காய்ச்சல்" என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: நோய் துடிப்பாக இருந்தும் சி.ஆர்.பி. சரியாகவே இருப்பவர்கள் கணிசமானோர். "ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற வாசகத்தை இந்த நோயில் யாரும் சொல்லக் கூடாது.

நான்காம் படி: ஆஸ்டாஸ் கணக்கு

சி.ஆர்.பி.யை வைத்துப் போடும் கணக்கு இது:

முதுகு வலி × 0.12
பிடிப்பு நேரம் × 0.06
மொத்தத் துடிப்பு (ஏழாவது கேள்வி) × 0.11
மற்ற மூட்டு வலி, வீக்கம் × 0.07
சி.ஆர்.பி.யோடு 1 கூட்டி, அதன் இயற்கை மடக்கை × 0.58

ஐந்தையும் கூட்ட வேண்டும். இயற்கை மடக்கை என்பது கால்குலேட்டரில் எல்-என் என்று இரண்டே எழுத்தில் இருக்கும் பொத்தான். பல போன்களில் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் தெரியும். பக்கத்திலேயே லாக் என்ற பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் விடை பாதிக்கும் கீழே போய்விடும். சி.ஆர்.பி. 2-க்குக் கீழே என்று வந்தால் 2 என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

மடக்கை போடத் தயங்குகிறவர்கள் கடைசி வரிக்கு இதைப் பார்த்துக்கொள்ளலாம்: சி.ஆர்.பி. 2 என்றால் 0.64, 5 என்றால் 1.04, 10 என்றால் 1.39, 20 என்றால் 1.77, 50 என்றால் 2.28, 100 என்றால் 2.68. 10 இரட்டிப்பாகி 20 ஆனால்கூடக் கூடுவது 0.38தான். ரிப்போர்ட்டில் எண் இரட்டிப்பானதைப் பார்த்துப் பதற வேண்டாம் என்பதற்கு இதைச் சொல்கிறோம்.

நம் கற்பனை நோயாளிக்கு சி.ஆர்.பி. லிட்டருக்கு 18 மில்லிகிராம். முதுகு 0.84, பிடிப்பு 0.45, மொத்தம் 0.77, மூட்டு 0.14, சி.ஆர்.பி. 1.71. கூட்டினால் 3.91.

பொருள் கொள்வது இப்படி: 1.3-க்குக் கீழே நோய் அடங்கியிருக்கிறது. 1.3-லிருந்து 2.1-க்குள் குறைந்த தீவிரம். 2.1 முதல் 3.5 வரை அதிகம். 3.5-க்கு மேல் மிக அதிகம். இரண்டு அளவுகளுக்கு நடுவே 1.1 குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, 2.0 குறைந்தால் பெரிய முன்னேற்றம். 0.9 ஏறினால் நோய் கூடியிருக்கிறது.

இ.எஸ்.ஆர். மட்டும்தான் இருக்கிறது என்றால் பெருக்கும் எண்கள் மாறும்: முதுகு 0.08, பிடிப்பு நேரம் 0.07, மொத்தம் 0.11, மற்ற மூட்டு 0.09, இ.எஸ்.ஆரின் வர்க்கமூலம் 0.29. இ.எஸ்.ஆர். 36 என்றால் வர்க்கமூலம் 6, அதற்கு 1.74. இந்த முறை சி.ஆர்.பி. கணக்கு, அடுத்த முறை இ.எஸ்.ஆர். கணக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒப்பிடவே முடியாது. ஒன்றைப் பிடித்தால் அதையே பிடிக்க வேண்டும்.

அலகு: மருந்தையே மாற்றிவிடும் தப்பு

இதற்குத் தனி இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சி.ஆர்.பி.யைச் சில லேப்கள் எம்ஜி/எல் என்றும், சில எம்ஜி/டிஎல் என்றும் தருகின்றன. முதலாவது லிட்டருக்கு, இரண்டாவது நூறு மில்லிக்கு. டெசிலிட்டர் எண்ணைப் பத்தால் பெருக்கினால்தான் லிட்டர் எண் வரும். ஆஸ்டாஸ் கேட்பது லிட்டர் எண்ணை.

நம் நோயாளியின் முதல் ரிப்போர்ட்டில் 1.8 எம்ஜி/டிஎல் என்று இருந்தது, அதாவது 18. அலகைப் பார்க்காமல் 1.8 என்றே போட்டால் என்ன ஆகும்? 2-க்குக் கீழே என்பதால் 2 என்று வைப்பார்கள், 1.71 வர வேண்டிய இடத்தில் 0.64 வரும். மொத்தம் 3.91-க்குப் பதில் 2.84.

பன்னிரண்டு வாரம் ஊசி போட்டபின் அதே ஆள் வருகிறார். அசதி 4, முதுகு 3, மற்ற மூட்டு 1, தொடுவலி 2, பிடிப்பின் கடுமை 3, நேரம் 20 நிமிடம், மொத்தம் 3. இந்தத் தடவை வேறு லேப், சி.ஆர்.பி. 4 எம்ஜி/எல். கணக்கு: 0.36 + 0.10 + 0.33 + 0.07 + 0.93 = 1.79. பாஸ்டாய் 2.47, பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

சரியான முதல் எண்ணிலிருந்து கழித்தால் 3.91 − 1.79 = 2.12, பெரிய முன்னேற்றம். தப்பான எண்ணிலிருந்து கழித்தால் 2.84 − 1.79 = 1.05. வேண்டிய 1.1-ஐத் தொடவில்லை, "மருந்து கேட்கவில்லை" என்று ஊசியை மாற்றிவிடலாம். நன்றாக வேலை செய்த மருந்து அலகின் ஒரே ஓர் எழுத்தால் கைவிட்டுப் போகும். ஆகவே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள். அலகைப் பார்த்து, அதை நோட்டில் எழுதி, பிறகு எண்ணை எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே லேபுக்குப் போக முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஐந்தாம் படி: தையல் டேப்

இது தீயை மட்டும் அளப்பதல்ல, கரியும் கலந்தது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வைத்தால், எக்ஸ்ரே சொல்லுமுன்பே சரிவு தெரியும். எப்போதும் ஒரே நேரத்தில் எடுங்கள். காலை ஆறு மணிக்கு எடுத்ததும் மதியம் மூன்றுக்கு எடுத்ததும் ஒன்றாகாது.

முதுகு வளைவு: பின்பக்கம் இடுப்பெலும்பில் இரண்டு குழிகள் தெரியும். அவற்றை இணைக்கும் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி, அங்கிருந்து மேலே சரியாக 10 செ.மீ.யில் இன்னொரு புள்ளி. முட்டியை மடக்காமல் முடிந்தவரை குனியச் சொல்லி, இரண்டு புள்ளிக்கும் இடைவெளியை மறுபடி அளக்கவும். நல்ல முதுகில் 10 என்பது 15-ஐத் தொடும். கூடிய அளவு 2 செ.மீ.க்கும் குறைவு என்றால் மோசம். நிமிர்ந்து நிற்கும்போது பேனாவால் போட்ட புள்ளியையே குனிந்தபோதும் பயன்படுத்த வேண்டும். குனிந்தபின் புதிதாகத் தடவித் தேடக் கூடாது.

காதுக்கும் சுவருக்கும் உள்ள தூரம்: செருப்பில்லாமல் குதிகாலும் பிட்டமும் முதுகும் சுவரில் ஒட்ட, தாடையை உள்ளே இழுத்து நிற்க வேண்டும். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டிலிருந்து சுவர் வரை ஸ்கேலால் இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுக்கவும். 15 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் கூன் நன்றாக விழுந்துவிட்டது. இதில் அடிக்கடி நடக்கும் தப்பு சுவரில்தான் இருக்கிறது: இப்போதைய வீடுகளில் சுவரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்கர்ட்டிங் டைல், குதிகாலை ஒரு சென்டிமீட்டர் முன்னுக்குத் தள்ளிவிடும். டைல் இல்லாத சுவரோ மூடிய கதவோ வேண்டும். பெண்களுக்குக் கொண்டையை அவிழ்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லையென்றால் அளப்பது கொண்டையைத்தான்.

பக்கவாட்டுச் சாய்வு: கை தொடையோடு ஒட்டி நிற்கும்போது நடுவிரல் நுனி இருக்கும் இடத்தைக் குறித்து, முன்னே பின்னே சாயாமல் பக்கவாட்டில் சாயச் சொல்லி, விரல் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கவும். 10 செ.மீ.க்கு மேல் நல்லது, 5-க்குக் கீழே மோசம். மார்பு விரிவை நான்காம் விலா இடைவெளி மட்டத்தில் டேப் சுற்றி, மூச்சை முழுக்க விட்டும் முழுக்க இழுத்தும் எடுக்கலாம். 2.5 செ.மீ.கூட விரியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எண் ஏறியும் நோய் ஏறாதபோது

மாங்காய்ப் பறிப்பு சீசனில் ஒரு வாரம் கூடை சுமந்திருந்தால் முதுகு மதிப்பெண் ஏறும். அது தசைவலி. காலைப் பிடிப்பின் நேரம் ஏறாமல் வலி மட்டும் ஏறி, ஓய்வெடுத்தால் குறைந்தால் அப்படி நினைக்கலாம். உடம்பெங்கும் வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு இருப்பவர்களுக்கு பாஸ்டாய் 7, 8 என்று நிற்கும், சி.ஆர்.பி. அசையாது. இந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. உதவும். அடிமுதுகும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டின் எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோப்பு இருக்கிறதா என்று ஸ்டிர் என்ற வகைப் படத்தில் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேவையில்லை. எக்ஸ்ரேயும் இரண்டு வருடத்துக்குள் மறுபடி எடுத்தால் மாற்றம் தெரியாது. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுப் பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அது பிறவியில் வருவது, தீவிரத்தைச் சொல்லாது.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அது நிலத்தடி நீரின் ஃப்ளூரைடு. பல வருடம் அந்தப் போர்த் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எலும்பு அடர்த்தியாகி, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, முதுகு இறுகும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் போலவே இருக்கும். குனிய முடியாது, டேப் அளவெல்லாம் மோசமாக வரும், ஆனால் சி.ஆர்.பி. ஏறியிருக்காது, மூட்டுவாத மருந்தும் கேட்காது. முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்புப் படிவு தெரிவது நல்ல தடயம். சிறுவயதிலிருந்து இங்கேயே வளர்ந்தவருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். கறை இருப்பதாலேயே அழற்சி வாதம் இல்லை என்று ஆகாது, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியதே இதற்காகத்தான். குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் சமையலுக்குப் போர் தண்ணீரையே எடுக்கும் வீடுகள் உண்டு. அந்த விவரத்தை டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். வெளியூர் டாக்டருக்குக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

எவ்வளவு அடிக்கடி?

மருந்து தொடங்கியோ மாற்றியோ இருந்தால் மாதம் ஒருமுறை ஏழு கேள்விகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தோடு ஆஸ்டாஸ். அடங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். வலி மாத்திரை கேட்கிறதா என்று முடிவு சொல்ல, இரண்டு வகை மாத்திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக (ஒரே நேரத்தில் அல்ல), முழு அளவில், மொத்தம் நான்கு வாரமாவது பார்க்க வேண்டும். அதன்பிறகும் ஆஸ்டாஸ் 2.1-க்கு மேல் நின்றால்தான் உயிரியல் ஊசியைப் பற்றி, அதாவது முதலில் சொன்ன விலை உயர்ந்த ஊசியைப் பற்றி, பேச்சு வரும். அந்த ஊசிக்குக் குறைந்தது பன்னிரண்டு வாரம் கொடுத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஊசியிலேயே "ஒன்றும் தெரியலையே" என்று நிறுத்திவிடுவதும், எண் நன்றாக வந்துவிட்டது என்று தானாக நிறுத்திவிடுவதும் கூடாது. நோட்டு டாக்டரிடம் காட்டுவதற்கு, மருந்தை நீங்களே கூட்டிக் குறைப்பதற்கு அல்ல.

சிலவற்றுக்கு நோட்டு தேவையே இல்லை. கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்கக் கூசினால், "மெட்ராஸ் ஐ" என்று கடையில் சொட்டு மருந்து வாங்காமல் அன்றே கண் டாக்டரிடம் போங்கள், முதுகு நோயின் பெயரையும் சொல்லுங்கள். பல வருட நோயால் இறுகிய முதுகு உள்ளவர் வண்டியிலிருந்து விழுந்து புதிதாக வலி வந்தால், லேசான அடியாக இருந்தாலும் எலும்பு முறிவு இல்லை என்று படமெடுத்துப் பார்க்கும்வரை நம்பக் கூடாது. மாலைக் காய்ச்சலும் எடை இறக்கமும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயைத் தேட வேண்டும், உயிரியல் ஊசி போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசரம். கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே பக்கத்திலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.